தோல் செல்லிலிருந்து கருமுட்டை: இதற்காகக் காத்திருக்கலாமா?

பவளமல்லி:
வணக்கம். எனக்கு 34 வயது. சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். சினைப்பை ஓய்ந்தால் ஏறும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் 60ஐத் தாண்டி நிற்கிறது. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளக்க முடியாத அளவுக்குக் கீழே. மாதவிலக்கு எப்போதாவது எட்டிப் பார்க்கும். எங்கள் டாக்டர் சுற்றி வளைக்காமல் டோனர் முட்டைக்குப் போங்கள் என்றார். கணவருக்குச் சம்மதம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் தோல் செல்லிலிருந்து கருமுட்டை செய்துவிட்டார்களாம், ஜப்பானில் எலிக்குட்டியே பிறந்துவிட்டதாம். அனுப்பிய சித்தி, "இன்னும் ரெண்டு வருஷம் பொறு கண்ணு, உன் முட்டையையே செஞ்சு குடுத்துடுவாங்க" என்று கீழே எழுதியிருந்தார். இன்னொரு பக்கம், இங்கே ஒரு மருத்துவமனையில் ஸ்டெம் செல்லைச் சினைப்பைக்குள் ஊசியாகப் போட்டால் முட்டை மறுபடி வளரும் என்று பாக்கேஜ் சொல்கிறார்கள். தொகை லட்சங்களில்.

இந்த இரண்டும் ஒன்றுதானா? காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் தத்தெடு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அதையும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நுண்ணோக்கி:
ஒன்றே இல்லை. ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) என்ற பெயர் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. ஊசி வேண்டாம். அதற்கான சட்டக் காரணத்தை இங்கே இருக்கும் வக்கீல்கள் சொல்லட்டும். நான் ஸ்டெம் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கருமுட்டை இல்லை, இதயத் தசை. ஆனாலும் இந்தத் துறையில் வரும் ஆய்வுகளை விடாமல் படிக்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கரு நிலைக்குத் திருப்பினார். அடுத்த வருஷமே மனித செல்லிலும் அது நடந்தது. 2012இல் நோபல் பரிசு. அந்தச் செல்லைத்தான் ஐபிஎஸ் செல் என்கிறோம். அதிலிருந்து நரம்பு, தசை, கல்லீரல் என்று எதை வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்றால், முட்டையையும் விந்தணுவையும் ஏன் வளர்க்க முடியாது என்ற கேள்வி தானாக வந்தது.

அதே கியோட்டோவில் மிட்டினோரி சைத்தோவும் கட்சுஹிகோ ஹயாஷியும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். 2011இல் எலி விந்தணு, 2012இல் எலி முட்டை. இரண்டிலும் குட்டிகள் பிறந்தன, வளர்ந்தன, அவையும் குட்டி போட்டன. ஆனால் பாதி வேலையை உயிருள்ள எலியின் உடம்புதான் செய்தது. ஆய்வகத்தில் செய்த ஆரம்பநிலை செல்லை எலியின் விந்தகத்துக்குள்ளோ சினைப்பைக்கு அருகிலோ வைத்து முதிரவிட்டார்கள். 2016இல் ஹயாஷியின் குழு முட்டையின் முழுப் பயணத்தையும் ஆய்வகத் தட்டிலேயே நடத்திக் காட்டியது. அப்போதும் கருவாக்கி எலியின் கருப்பைக்குள் வைத்ததில் நூற்றுக்கு மூன்று, நான்குதான் குட்டியாயின. கூடவே, அந்த முட்டைகளைச் சுற்றி வளர்த்த துணை செல்கள் எலிக் கருவின் சினைப்பையிலிருந்து எடுத்தவை. அந்தத் துணை செல்லையும் ஸ்டெம் செல்லிலிருந்தே செய்ய 2021 வரை ஆனது.

இவ்வளவும் எலி. மனிதக் கதை வேறு. 2014 கடைசியில் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானியின் குழுவும் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனமும் சேர்ந்து, மனித ஸ்டெம் செல்லிலிருந்து முட்டைக்கும் விந்தணுவுக்கும் மூதாதையான ஆதி செல்லைச் செய்தார்கள். எலியில் பெரிய பங்கில்லாத சாக்ஸ்17 என்ற மரபணுதான் மனிதனில் முக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது. எலியில் வேலை செய்த வழியை அப்படியே மனிதனுக்கு மாற்ற முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். 2018இல் சைத்தோவின் குழு அந்தச் செல்லை எலிக்கருவின் சினைப்பை செல்களோடு கலந்து நான்கு மாதம் வளர்த்து, முட்டைக்கு முந்தைய படிவரை கொண்டுபோனது. 2024இல் அதே குழு, எலி செல் இல்லாமலேயே பிஎம்பி என்ற ஒரு புரதச் சமிக்ஞையைக் கொண்டு அந்தப் படியை எட்டி, செல்லைப் பலகோடி மடங்காகப் பெருக்கிக் காட்டியது.

அங்கேதான் நிற்கிறது. அதற்கு அடுத்த படி மியாசிஸ். 46 குரோமோசோமை 23ஆகப் பாதியாக்கும் பிரிவு. உங்கள் முட்டைகள் நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே இதைத் தொடங்கின. பாதியில் நின்று, வருஷக்கணக்கில் அப்படியே கிடந்து, முட்டை வெளியேறும் மாதத்தில்தான் அடுத்த கட்டம் போகும். விந்தணு உள்ளே வந்த பிறகுதான் முழுதாக முடியும். மனித ஸ்டெம் செல்லிலிருந்து தொடங்கி இதை ஒழுங்காக முடித்து, கருவாகத் தகுந்த முட்டை ஒன்றை எடுத்தார்கள் என்று இதுவரை எந்த ஆய்வும் காட்டவில்லை. விந்தணுவும் அப்படித்தான்.

கரிசல்காட்டான்:
அப்ப வாட்ஸ்அப்பில் வந்த அமெரிக்க முட்டை எங்கிருந்து வந்தது? கோழிப்பண்ணையிலிருந்தா?

நுண்ணோக்கி:
அது ஓரிகான். 2025 செப்டம்பரில் வந்த ஆய்வு, ஷௌக்ரத் மிட்டலிபோவின் குழு. செய்தி பொய்யில்லை, தலைப்புதான் பெரிசு. அவர்கள் ஸ்டெம் செல் வழியாகப் போகவே இல்லை. ஒரு பெண்ணின் தோல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய இன்னொரு பெண்ணின் முட்டைக்குள் வைத்தார்கள். டாலி ஆட்டுக்குட்டியில் செய்த அதே முதல் படி. டாலியில் 46க்குச் சமமான முழுத் தொகுப்பையும் வைத்துக்கொண்டார்கள். இங்கே அதில் பாதியைக் கழித்துவிடும்படி முட்டையைத் தூண்டினார்கள். அப்படி 82 முட்டைகள் கிடைத்தன. விந்தணு செலுத்தியதில் ஏறக்குறைய 9 சதவீதம் ஆறாம் நாள் கரு என்ற கட்டம்வரை போயின. ஆனால் குரோமோசோம் கணக்கு எதிலும் சரியில்லை. எந்த ஜோடியிலிருந்து எதைக் கழிப்பது என்பது குருட்டாம்போக்கில் நடக்கிறது. இயற்கையில் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளுமே, அதுவும் இதில் இல்லை. சோதனைக்கே இன்னும் பத்து வருஷமாவது ஆகும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பவளமல்லி, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த முறை நாளைக்கே வெற்றி பெற்றாலும் அதற்கும் ஒரு டோனர் முட்டை வேண்டும். உட்கரு உங்களுடையது, மைட்டோகாண்ட்ரியா உள்ளிட்ட மற்றதெல்லாம் இன்னொருத்தியுடையது.

மாலதி_கருவியலாளர்:
நான் சென்னையில் ஐவிஎஃப் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நுண்ணோக்கி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐபிஎஸ் செல் ஒரு இடத்தில் உண்மையிலேயே மருத்துவமனைக்குள் வந்துவிட்டது, அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். கேமிட்டோ என்ற அமெரிக்க நிறுவனம் ஐபிஎஸ் செல்லிலிருந்து சினைப்பையின் துணை செல்களை வளர்க்கிறது. ஒரு பெண்ணிடமிருந்து முதிராத முட்டையை எடுத்து, உடம்புக்கு வெளியே அந்தத் துணை செல்களோடு வைத்து முதிர வைக்கிறார்கள். ஹார்மோன் ஊசி நாட்கள் குறையும். 2024 டிசம்பரில் பெருவின் லிமா நகரில் இப்படி முதல் குழந்தை பிறந்ததாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு அந்தப் பெண்ணிடம் முட்டை இருக்க வேண்டும். இல்லாத முட்டையை அது உண்டாக்காது. "ஸ்டெம் செல் குழந்தை பிறந்துவிட்டது" என்று யாராவது பேப்பரை நீட்டினால் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

பவளமல்லிக்கு ஒரு விஷயம். உங்களுக்கு எப்போதாவது மாதவிலக்கு வருகிறது என்கிறீர்கள். சினைப்பை முன்கூட்டியே செயலிழந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத் தானாகவே கரு தங்குவதுண்டு. நம்பி உட்காரச் சொல்லவில்லை, கதவு முழுசாகச் சாத்தவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓசூர்_ராகவன்:
இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும், நான் மறுபக்கத்து ஆள். எனக்கு க்ளைன்ஃபெல்டர், அதாவது ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை, 47 எக்ஸ்எக்ஸ்ஒய். விந்து பரிசோதனையில் அணு பூஜ்யம். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் இன்றுவரை என் மனைவிக்குத்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவளும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஸ்டெம் செல்லிலிருந்து விந்தணு செய்தால் அந்த அதிகப்படி எக்ஸ் குழந்தைக்கும் போகுமா?

நுண்ணோக்கி:
நல்ல கேள்வி. இதற்கு எலியில் ஒரு அழகான பதில் இருக்கிறது. 2017இல் லண்டன் கிரிக் நிறுவனத்தின் ஜேம்ஸ் டர்னர் குழு, ஜப்பான் ஆய்வாளர்களோடு சேர்ந்து, எக்ஸ்எக்ஸ்ஒய் எலியின் செல்லை எடுத்து ஐபிஎஸ் செல்லாகத் திருப்பியது. திருப்பும்போதே சில செல்கள் அந்த அதிகப்படிக் குரோமோசோமை உதிர்த்துவிட்டு 40க்கு வந்துவிட்டன (எலிக்கு மொத்தம் 40). அவற்றிலிருந்து விந்தணு வளர்த்து, ஆரோக்கியமான குட்டிகளும் பிறந்தன. மனித செல்லிலும் உதிர்வு நடக்கிறது என்பதைப் பார்த்தார்கள். ஆனால் அங்கிருந்து மனித விந்தணு வரை போகவில்லை.

மாலதி_கருவியலாளர்:
ராகவன், காத்திருக்கும் கணக்கு உங்களுக்குத் தேவையே இல்லாமல் போகலாம். மைக்ரோ டெசே என்று ஒரு அறுவை இருக்கிறது. விந்தகத்தைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்து, விந்தணு உருவாகும் குழாய் எங்காவது தப்பியிருக்கிறதா என்று தேடி எடுப்பது. பூஜ்யம் என்று எழுதிக்கொடுத்த க்ளைன்ஃபெல்டர் ஆட்களில் 100க்கு 40 பேருக்கு மேல் அதில் விந்தணு கிடைக்கிறது. நாலு விந்தணு கிடைத்தால் போதும், ஒரு விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி செய்யலாம். பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் சாதாரணக் குரோமோசோமோடுதான் பிறக்கிறார்கள். இந்த அறுவையில் கைதேர்ந்த ஆண்ட்ராலஜிஸ்ட்டை, அதாவது ஆண்களின் கருவள மருத்துவரைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், விந்தணு உருவாவதை அது அடக்கும்.

அப்புறம், தனியாக ஒரு வார்த்தை: வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் தம்பி. மனைவி சுமப்பது போதும்.

ஓசூர்_ராகவன்:
தெரியும் மேடம். இந்தப் பொங்கலுக்கு அம்மாவிடம் சொல்வதாக இருக்கிறேன். அறுவையைப் பற்றி இதுவரை எந்த டாக்டரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. எடுத்ததுமே டோனர் விந்து என்றுதான் சொன்னார்கள்.

தென்பாண்டி:
எல்லாரும் அறிவியலே பேசுகிறீர்கள். அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "என் முட்டை", "என் ரத்தம்" என்ற பிடிவாதம் எதற்கு? நம் ஊரில் அதற்குப் பின்னால் இருப்பது வம்சம், வம்சத்துக்குப் பின்னால் இருப்பது சாதி. டோனர் வேண்டுமென்றால் எங்கள் ஆட்களிலேயே வேண்டும் என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். இந்த ஆசைக்குத் தீனி போடக் கோடிக்கணக்கில் ஆராய்ச்சி. தோல் செல்லில் முட்டை செய்து என்ன சாதிக்கப்போகிறோம்?

பவளமல்லி:
தென்பாண்டி அண்ணா, சாதி கேட்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவின் கன்னக்குழி என் பிள்ளைக்கும் இருக்கக்கூடாதா என்று ஒருத்தி நினைத்தால் அது சாதியாகிவிடாது. இயல்பாகப் பிள்ளை பெற்றவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முடியாதவளிடம்தான் ஆசைக்குக் காரணம் கேட்கிறார்கள்.

செங்காந்தள்:
பவளமல்லி சொன்னதோடு உடன்படுகிறேன். தென்பாண்டி தொடாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. டோனர் முட்டை எங்கிருந்து வருகிறது? 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் ஆதாரில் வயதை மாற்றி, பலமுறை அவளிடமிருந்து முட்டை எடுத்து விற்ற வழக்கு ஞாபகம் இருக்கிறதா? அவள் அம்மாவே அதில் உடந்தை. ஹார்மோன் ஊசி, மயக்க மருந்து, ஊசி குத்தி உறிஞ்சுவது எல்லாவற்றையும் பணத்துக்காகத் தாங்குகிற பெண்கள் எந்த வீட்டுப் பெண்கள் என்று நமக்குத் தெரியும். தோல் செல்லில் முட்டை வந்தால் அந்தச் சந்தை படுத்துவிடும். எனக்கு இந்த ஆராய்ச்சியில் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

தில்லை_வக்கீல்:
சட்டம் கேட்டீர்களே, என் பங்கு.

செங்காந்தள் சொன்ன வழக்குக்குப் பிறகு இல்லை, அதற்கு முன்பே, 2021இன் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. முட்டை கொடுக்கும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. விற்பனை குற்றம். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயது வரை, ஆணுக்கு 55 வரை. பவளமல்லிக்கு முக்கியமானது: டோனர் முட்டையில் பிறந்தாலும் குழந்தை சட்டப்படி உங்கள் இருவரின் சொந்தக் குழந்தை. டோனருக்கு எந்த உரிமையும் கிடையாது. தத்தெடுத்ததாகக் கூடப் பதிவாகாது.

ஸ்டெம் செல்லில் செய்த முட்டையைப் பற்றி அந்தச் சட்டம் தனியாக எதுவும் பேசவில்லை. ஆனால் உடம்புக்கு வெளியே விந்தணுவையோ முட்டையையோ கையாண்டு கர்ப்பம் உண்டாக்கும் எல்லா முறைகளும் அதன் வரையறைக்குள் வரும். ஆகவே நாளை அப்படி ஒன்று வந்தால் "சட்டத்தில் இல்லை, அதனால் செய்யலாம்" என்று எந்த மருத்துவமனையும் தப்பிக்க முடியாது என்பது என் வாசிப்பு.

இப்போது ஊசிக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல் இருக்கிறது. ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவைதான் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை. மற்றவை எல்லாம் ஆய்வு. ஆய்வு என்றால் பதிவு வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. சினைப்பைக்கு ஸ்டெம் செல் பாக்கேஜ் என்று லட்சம் கேட்கிறார்கள் என்றால், அந்த ஒரு காரணமே எழுந்து வரப் போதும்.

மாலதி_கருவியலாளர்:
பிளேட்லெட் ஊசி என்று இன்னொன்றையும் அதே பாக்கேஜில் சேர்ப்பார்கள். சொந்த ரத்தத்தைச் சுழற்றி எடுத்து சினைப்பையில் குத்துவது. ஐரோப்பிய கருவள மருத்துவச் சங்கம் 2023இல் கூடுதல் சிகிச்சைகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் இதைப் பரிந்துரைக்க முடியாது என்றுதான் சொன்னார்கள். செய்தபிறகு யாராவது கர்ப்பமானால் ஊசியால் என்பார்கள். மேலே நான் சொன்ன 5 முதல் 10 பேர் ஊசி இல்லாமலே கர்ப்பமாகிறவர்கள். அந்தப் பெருமையையும் ஊசி எடுத்துக்கொள்ளும்.

லண்டன்_வாசுகி:
இங்கே பிரிட்டனில் நிலைமை தெளிவு. 1990 சட்டமும் 2008 திருத்தமும் சிகிச்சைக்குப் பயன்படும் முட்டை சினைப்பையிலும் விந்தணு விந்தகத்திலும் உருவாகியிருக்க வேண்டும் என்கின்றன. ஆய்வகத்தில் செய்தது என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கவே முடியாது, நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றினால்தான் உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் இப்போதே இதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. ஒரே ஆளின் செல்லிலிருந்து முட்டை, விந்தணு இரண்டையும் செய்து சேர்த்தால் என்ன என்பதுவரை விவாதம் போகிறது. நெருங்கிய உறவில் கட்டுவதைவிடப் பல மடங்கு மோசமான மரபுக் கோளாறு வரும் என்பதால் அதை யாரும் ஆதரிப்பதாகத் தெரியவில்லை. ஜப்பானில் 2025இல் அரசின் உயிர்நெறிக் குழு, இப்படிச் செய்த முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து ஆய்வுக்காக மட்டும் 14 நாள் வரை கருவை வளர்க்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. கருப்பைக்குள் வைப்பதற்கு அங்கும் தடைதான்.

கரிசல்காட்டான்:
ஆண் எலி இரண்டுக்குக் குட்டி பிறந்தது என்று 2023இல் ஒரே அமளி. அது உண்மையா?

நுண்ணோக்கி:
உண்மை. ஹயாஷி, இப்போது ஒசாகாவில் இருக்கிறார். ஆண் எலியின் செல்லை ஐபிஎஸ் ஆக்கி வளர்க்கும்போது சில செல்களில் ஒய் தானாகவே தொலைந்துபோகும். மிச்சமிருக்கும் ஒற்றை எக்ஸை ஒரு மருந்தின் உதவியால் இரட்டிக்கச் செய்து, எக்ஸ்எக்ஸ் ஆன செல்லை முட்டையாக்கினார். 630 கருக்களை வைத்ததில் 7 குட்டிகள் பிறந்தன. லண்டனில் ஒரு மாநாட்டில் இதை அவர் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

இதன் பின்னால் இருக்கும் பழைய கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1984இல் அசிம் சுரானி (கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், மேலே சொன்ன அதே சுரானி) எலியில் ஒரு சோதனை செய்தார். இரண்டு தாய்த் தொகுப்பை வைத்துக் கரு செய்தால் வளராது. இரண்டு தந்தைத் தொகுப்பை வைத்தாலும் வளராது. மரபணு எழுத்து ஒன்றாகவே இருந்தாலும், அம்மாவிடமிருந்து வந்ததா அப்பாவிடமிருந்து வந்ததா என்று டிஎன்ஏ மேல் ஒரு முத்திரை இருக்கிறது. முட்டையும் விந்தணுவும் உருவாகும் பாதையில் பழைய முத்திரை அழிக்கப்பட்டு, ஆணுக்கோ பெண்ணுக்கோ உரிய புது முத்திரை குத்தப்படுகிறது. ஹயாஷியின் ஆண் எலி செல், முட்டை ஆகும் பாதையில் முழுசாக நடந்ததால் பெண் முத்திரை கிடைத்தது. அதனால் குட்டி பிறந்தது.

எனக்கு இருக்கும் பெரிய பயமும் இந்த இடத்தில்தான். முத்திரை ஒன்றிரண்டு தப்பாக விழுந்தால் குழந்தை பிறக்கும், பிறந்த பிறகு தெரியும். பெக்வித் வீட்மன், ப்ராடர் வில்லி, ஏஞ்சல்மன் என்று அதற்கென்றே நோய்கள் இருக்கின்றன. கூடவே ஸ்டெம் செல்லைத் தட்டில் மாதக்கணக்கில் வளர்த்தால் மரபணுப் பிறழ்வுகள் சேரும். வேகமாகப் பெருகும் பிறழ்ந்த செல் மற்றதை ஓரங்கட்டிவிடும். என் இதயத் தசைத் தட்டுகளிலேயே இதற்காக அடிக்கடி சோதனை செய்துகொண்டிருக்கிறோம். தசைத் தட்டு கெட்டால் குப்பையில் போடலாம். எலிக்கு மூன்று வாரத்தில் குட்டி பிறக்கிறது, இரண்டு வருஷத்தில் அதன் ஆயுளே முடிகிறது, பேரன் பேத்தி வரை பார்த்துவிடலாம். மனிதனில் அந்தச் சோதனையை யாரை வைத்துச் செய்வது? குரங்கில் தலைமுறை பார்த்த பிறகுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். குரங்குக்கு வருஷங்கள் வேண்டும்.

செங்காந்தள்:
இன்னொரு பயமும் இருக்கிறது. இப்போது ஒரு ஐவிஎஃப் சுற்றில் பத்துப் பன்னிரண்டு முட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். தட்டில் செய்தால் நூற்றுக்கணக்கில் வரும். நூறு கரு இருந்தால் பொறுக்கத் தொடங்குவார்கள். முதலில் நோய் இல்லாத கரு என்பார்கள், அப்புறம் நிறம், உயரம். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்று 1994இல் சட்டம் போட்டும், முப்பது வருஷமாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நாடு இது. ஐவிஎஃப் ஆய்வகத்துக்குள் நூறு கரு வரிசையாக இருந்தால் நம் ஆட்கள் எதைக் கேட்பார்கள்?

தென்பாண்டி:
இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொன்னேன்.

செங்காந்தள்:
இல்லை. நீங்கள் ஆசையைக் குறை சொன்னீர்கள். நான் கண்காணிப்பைக் கேட்கிறேன். பவளமல்லி ஒரு குழந்தையைக் கேட்கிறாள், பொறுக்கிக் கொடு என்று கேட்கவில்லை.

பவளமல்லி:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கூகிளில் தேடியும் எனக்கு இவ்வளவு புரியவில்லை. இன்னும் ஒன்று மட்டும். அந்த மருத்துவமனையில், ஊசி வேண்டாமென்றால் தோல் செல்லையாவது இப்போதே எடுத்துச் சேமித்து வையுங்கள், பின்னால் முட்டை செய்யும்போது இளமையான செல் கைகொடுக்கும் என்றார்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். அதிலாவது அர்த்தம் இருக்கிறதா?

நுண்ணோக்கி:
இல்லை. தோல் உங்களோடுதான் இருக்கப்போகிறது, ரத்தமும்தான். ஐபிஎஸ் செல்லைச் சிறுவனிடமிருந்தும் செய்கிறார்கள், நூறு வயதுக்காரரிடமிருந்தும் செய்திருக்கிறார்கள். திருப்பும்போது வயதின் தடயங்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. வயதாக ஆகச் செல்லில் பிறழ்வு கொஞ்சம் கூடும் என்பது நிஜம், ஆனால் எந்தச் செல்லையும் பல நகல்களில் சோதித்துச் சுத்தமானதைத்தான் எடுப்பார்கள். 34 வயதுக்கும் 44 வயதுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக வருஷா வருஷம் வாடகை கட்டத் தேவையில்லை. இந்தத் துறையில் நோயாளி இன்று செய்துவைக்க வேண்டியது எதுவும் கிடையாது. செய்யச் சொல்கிறவர்கள் விற்கிறவர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது சேர்த்துச் சொல்கிறேன். புற்றுநோய் சிகிச்சை தொடங்கப்போகிறவர்கள் விஷயம் நேர் எதிர். அவர்கள் கீமோவுக்கு முன்பே முட்டையோ, விந்தோ, சினைப்பைத் திசுவோ உறையவைத்தே ஆக வேண்டும். உறைந்த சினைப்பைத் திசுவைத் திருப்பி ஒட்டி முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. அது இன்று கையில் இருக்கும் சிகிச்சை. "எப்படியும் நாளைக்குத் தோலில் செய்துகொள்ளலாம்" என்று அதை விட்டுவிடாதீர்கள்.

காலம் கேட்டீர்கள். ஹயாஷி 2023இல் பத்து வருஷம் என்றார், 2025இல் ஏழு வருஷம் போல என்றார். அது ஆய்வகத்தில் மனித முட்டையோ விந்தணுவோ செய்து பார்ப்பதற்கான கணக்கு, மருத்துவமனையில் உங்கள் கையில் குழந்தை வருவதற்கான கணக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் முதலீட்டுப் பணத்தில் நடக்கும் கம்பெனிகள் இதைவிடக் குறைத்துச் சொல்வார்கள். முதலீடு வாங்குகிறவன் வேறெப்படிச் சொல்வான்?

மாலதி_கருவியலாளர்:
பவளமல்லி, கருப்பைக்கு வயது அவ்வளவு பெரிய தடை இல்லை. டோனர் முட்டையில் 45 வயதிலும் சுமக்கிறார்கள். அதனால் "இந்த வருஷமே முடிவெடு, இல்லாவிட்டால் போச்சு" என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். ஆனால் ஐம்பதில் சட்டம் நிற்கிறது, உங்கள் கணவரின் வயதும் கணக்கில் வரும். வயதாகிச் சுமப்பதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடும். ஏழு, பத்து, அதன்மேல் சோதனை வருஷங்கள் என்று கூட்டிப் பாருங்கள். நானாக இருந்தால் இதை நம்பி உட்கார மாட்டேன். தத்துக்கும் பதிந்துவைக்க நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக்கூடாது, காத்திருப்போர் பட்டியலும் நீளம்.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்றை உங்கள் டாக்டர் சொன்னாரா என்று தெரியவில்லை. முட்டை வேண்டுமோ வேண்டாமோ, 34 வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருக்கக்கூடாது. எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. ஹார்மோன் மாத்திரையோ தோலில் ஒட்டும் பட்டையோ இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை எடுக்க வேண்டும்.

பவளமல்லி:
சொல்லவே இல்லை மேடம். முட்டை இல்லை என்றதோடு ஃபைலை மூடிவிட்டார்கள். வியாழக்கிழமை வேறு டாக்டரைப் பார்க்கிறேன், அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

மாலதி_கருவியலாளர்:
எலும்பு அடர்த்தி ஸ்கேன், டெக்ஸா என்பார்கள். தைராய்டு. அட்ரீனல் எதிர்ப்பொருள் பரிசோதனை, சினைப்பை சீக்கிரம் ஓய்வதற்குச் சிலருக்கு உடம்பின் சொந்த எதிர்ப்பு காரணமாக இருக்கும். குரோமோசோம் பரிசோதனை, ஃப்ராஜைல் எக்ஸ் (எக்ஸ் குரோமோசோமில் வரும் ஒரு மரபுக் கோளாறு) பரிசோதனை. கடைசி இரண்டில் ஏதாவது வந்தால் உங்களுக்குத் தங்கை இருந்தால் அவளுக்கும் தெரிய வேண்டும். அவளுக்கு முட்டை இன்னும் இருக்கும்போதே உறையவைக்க நேரம் கிடைக்கும்.

பவளமல்லி:
தங்கை இருக்கிறாள். 27 வயது. இன்றைக்கே பேசுகிறேன்.